டாக்டர் பயாப்ஸி கேட்டால் தள்ளிப்போடாதீர்கள்



நமது அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களில் சிறுநீரக நோயாளிகளின் மனுக்கள் கூடிக்கொண்டே போகின்றன. திருவாலங்காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் வருகின்றன, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களிடமிருந்தும் வருகின்றன. டயாலிசிஸுக்குக் கேட்பார்கள், மாத்திரைக்குக் கேட்பார்கள், போக்குவரத்துச் செலவுக்குக் கேட்பார்கள். பயாப்ஸி செய்ய உதவுங்கள் என்று கேட்பவர் அபூர்வம். காரணம் பணம் மட்டுமல்ல, பயமும்தான். அந்தப் பயத்தைப் பற்றியும், அந்தப் பரிசோதனையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றியும் இந்த இதழில் சொல்ல விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு தாயும் மகனும் நம்மைத் தேடி வந்தார்கள். மகனுக்கு முப்பது வயதைத் தாண்டியிருக்கும், ரோலிங் மில்லில் வேலை பார்த்தவர். தாய் கொடுத்த சிறுநீரகத்தைப் பொருத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதுவரை 1.2 என்று இருந்த கிரியாட்டினின் 2.1 ஆகிவிட்டது. டாக்டர் பயாப்ஸி எழுதிக் கொடுத்தார். அந்த அம்மா நம்மிடம் சொன்னது இதுதான்: "நான் குடுத்த கிட்னிங்க பாய். அதுல போய் ஊசிய குத்துறேங்கறாங்க. உடம்பு கிட்னிய ஏத்துக்கலேன்னா அதுக்கு மருந்து இருக்காமே, அதைக் குடுத்துடலாம்ல?"

நியாயமான கேள்விதான். நமக்கும் அப்போது பதில் தெரியவில்லை. தெரிந்த டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தில் கிரியாட்டினின் ஏறினால் அதற்குக் காரணம் ஒன்றல்ல. உடல் அதை அந்நியப் பொருளாக நினைத்துத் தாக்கலாம். தாக்காமல் இருப்பதற்காகக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்தே அளவு மிஞ்சி அதைக் கெடுக்கலாம். எதிர்ப்பு சக்தி குறைந்த உடம்பில் ஒரு வைரஸ் விழித்துக்கொள்ளலாம். பழைய சிறுநீரகத்தைக் கெடுத்த நோயே புதியதிலும் திரும்பி வரலாம். நான்கிலும் இரத்தப் பரிசோதனைத் தாளில் வருவது அதே ஏறிய எண்தான். ஆனால் வைத்தியம் நேர் எதிர். உடல் தாக்குகிறது என்றால் ஸ்டீராய்டை நரம்பில் ஏற்றி எதிர்ப்பு சக்தியை இன்னும் அடக்க வேண்டும். வைரஸ் என்றால் அடக்கும் மருந்தைக் குறைக்க வேண்டும். ஒன்றை மற்றொன்று என்று நினைத்து மருந்து கொடுத்தால், தாய் கொடுத்த சிறுநீரகம் மருந்தாலேயே போய்விடும். இரத்தத்தில் மருந்தின் அளவையும் வைரஸின் அளவையும் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். உறுதியாகச் சொல்லச் சதையைத்தான் பார்த்தாக வேண்டும்.

சதை எடுப்பது எப்படி என்று பார்ப்போம். நம் சொந்தச் சிறுநீரகங்கள் முதுகுப் பக்கம் இருப்பதால் நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பார்கள். மாற்றிப் பொருத்தியது அடிவயிற்றில் தோலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் மல்லாந்து படுத்தால் போதும். மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஸ்பிரிங் வைத்த மெல்லிய ஊசியைச் செலுத்துவார்கள். 'டக்' என்று ஒரு சத்தம். பென்சில் முனையைவிட மெல்லியதாக, ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு துணுக்கு வரும். பெரும்பாலும் இரண்டு துணுக்குகள் எடுப்பார்கள்.

இந்த முறை ஒரே நாளில் வந்ததல்ல. 1951-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இவர்சன், புரூன் என்ற இரண்டு மருத்துவர்கள் நோயாளியை உட்கார வைத்து ஊசியால் எடுத்துக் காட்டினார்கள். பல நேரங்களில் சதை சரியாகக் கிடைக்கவில்லை. 1954-இல் சிகாகோவின் கார்க், மூர்க்கி இருவரும் குப்புறப் படுக்க வைத்து எடுத்தபோது நூற்றில் தொண்ணூற்றாறு பேருக்குச் சரியாகக் கிடைத்தது. ஸ்கேன் வசதி அன்று கிடையாது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

ஆபத்தே இல்லையா? இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. நூறு பேரில் மூன்று நான்கு பேருக்குச் சிறுநீரில் இரத்தம் கண்ணுக்குத் தெரியும், அநேகமாகத் தானே நின்றுவிடும். இரத்தம் ஏற்ற வேண்டிய நிலை நூற்றில் ஒருவருக்கு வரலாம். அதனால்தான் முன்கூட்டியே பிரஷரைக் கட்டுப்படுத்துகிறார்கள், இரத்தம் உறையும் தன்மையைப் பார்க்கிறார்கள், செய்த பிறகு பல மணி நேரம் படுக்கையில் வைத்திருக்கிறார்கள். "கிட்னியில் ஓட்டை போட்டால் கிட்னி போய்விடும்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம் வடிகட்டி முடிச்சுகள் இருக்கின்றன. பயாப்ஸியில் போவது அதில் இருபது முப்பது. "ஊசி பட்டால் கேன்சர் பரவும்" என்ற பேச்சுக்கும் இங்கே இடமில்லை. நாம் பேசுவது கேன்சரைப் பற்றியே அல்ல.

அந்தத் துணுக்கு போய்ச் சேருவது பேத்தாலஜி மருத்துவரிடம். நோயாளி அவரைப் பார்ப்பதே இல்லை. பில்லில் 'லேப்' என்று இருப்பதால் ஏதோ இயந்திரம் சொல்லும் முடிவு என்று நினைக்கிறோம். அப்படியல்ல, ஒரு மருத்துவர் உட்கார்ந்து கண்ணால் பார்த்துச் சொல்வது. துணுக்கை ஃபார்மலினில் ஊறவைத்து, நீரை நீக்கி, மெழுகில் பதித்துக் கட்டியாக்குவார்கள். அந்தக் கட்டியை ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறு பங்கு வரை மெல்லியதாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவார்கள். அப்படியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் ஒவ்வொரு தகட்டுக்கும் ஒவ்வொரு சாயம். ஒரு சாயத்தில் முடிச்சுகளின் சவ்வு இளஞ்சிவப்பாகத் தெரியும், வெள்ளிச் சாயத்தில் அதே சவ்வு கறுப்புக் கோடாகத் தெரியும், இன்னொன்றில் தழும்பு விழுந்த இடம் நீலமாகத் தெரியும். துணுக்கின் ஒரு பகுதியை மெழுகில் வைக்காமல் உறையவைத்துச் சீவி, ஒளிரும் பொருள் சேர்த்த ஆன்டிபாடிகளை ஊற்றி இருட்டறையில் பார்ப்பார்கள். எங்கே என்ன புரதம் படிந்திருக்கிறதோ அங்கே பச்சையாக ஒளிரும். 1968-இல் பிரான்ஸின் ழான் பெர்ஜெ இந்த வழியில்தான் ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்ற நோயைக் கண்டுபிடித்தார். நம் நாட்டிலும் இளவயதுக்காரர்களுக்கு அடிக்கடி வரும் நோய் அது.

பார்க்கும்போது ஒழுங்கு ஒன்று உண்டு: முடிச்சுகள், நுண்குழல்கள், அவற்றுக்கு இடையிலுள்ள திசு, இரத்தக் குழாய்கள் என்று நான்கையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். நான்கில் எது கெட்டிருக்கிறது என்பதே பாதி விடை. நீண்டநாள் சர்க்கரை நோயில் முடிச்சுகளுக்குள் உருண்டை உருண்டையாகக் கட்டி நிற்கும். வலி மாத்திரையால் கெட்டிருந்தால் பெரும்பாலும் இடைத்திசுவில் வீக்க அணுக்கள் குவிந்திருக்கும். (வெப்பத்தில் நின்று வேலை பார்த்துவிட்டு உடம்பு வலிக்குத் தினமும் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடும் தம்பிகள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.) ஆந்திராவின் உத்தானம் பகுதியில் சர்க்கரையும் பிரஷரும் இல்லாத விவசாயிகளுக்குச் சிறுநீரகம் கெட்டபோது, பாதிப்பு முடிச்சுகளில் தொடங்கவில்லை, நுண்குழல்களிலும் இடைத்திசுவிலும்தான் என்று காட்டியதும் பயாப்ஸிதான்.

மாற்று சிறுநீரகத்தில் பார்க்க வேண்டியது இன்னும் நுணுக்கமானது. உடல் தாக்குகிறது என்றால் வெள்ளை அணுக்கள் நுண்குழலின் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கும். இரத்தக் குழாயின் உட்சுவருக்கு அடியிலும் புகுந்திருந்தால் தாக்குதல் கடுமை என்று பொருள். ஆன்டிபாடியால் வரும் தாக்குதலில் மெல்லிய இரத்தக் குழாய்களுக்குள் அணுக்கள் அடைத்து நிற்கும், சி4டி என்ற புரதத்தின் தடம் குழாய்ச் சுவரில் படிந்திருக்கும். மருந்தின் நச்சு என்றால் நுண்குழல் அணுக்களில் ஒரே அளவான சின்னச் சின்னக் குமிழிகள் தெரியலாம். பி.கே. வைரஸ் என்றால் அணுக்களின் கரு வீங்கிக் கலங்கிய கண்ணாடி போல் ஆகியிருக்கும். ஒரு தனிச் சாயம் போட்டு அதை உறுதிசெய்வார்கள். இந்த வைரஸ் சிறுவயதிலேயே நம்மில் பெரும்பாலோர் உடம்பில் புகுந்து சிறுநீரகத்தில் தூங்குவது. லண்டனில் சிகிச்சை பெற்ற ஒரு சூடான் நாட்டு நோயாளியிடம் கண்டறிந்து 1971-இல் வெளியிட்டார்கள், அவர் பெயரின் முதலெழுத்துகளே வைரஸின் பெயராயிற்று. அதே 1971-இல்தான் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நம் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது.

முன்பெல்லாம் ஒரு ஊர் மருத்துவர் 'லேசான தாக்குதல்' என்று எழுதுவதை இன்னொரு ஊர் மருத்துவர் 'கடுமை' என்று எழுதுவார். 1991-இல் கனடாவின் பான்ஃப் என்ற மலையூரில் கூடிய மருத்துவர்கள் இதற்குப் பொது அளவுகோல் ஒன்றை வகுத்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். இன்றும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடித் திருத்துகிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் 'பான்ஃப்' என்ற சொல்லும் சில எழுத்துகளும் எண்களும் இருந்தால் அது இதுதான். பத்து முடிச்சுகளும் இரண்டு இரத்தக் குழாய்களுமாவது துணுக்கில் இருந்தால்தான் முழுமையாகச் சொல்ல முடியும் என்பதும் அந்த அளவுகோலின் விதி. இரண்டாவது துணுக்கு எடுத்தார்களே என்று கோபப்படுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நமக்கு மிகவும் பக்கத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சிறுநீரில் புரதம் ஒழுகிக் கால் வீங்கும் ஒரு நோயில், முடிச்சின் சவ்வில் எந்தப் புரதம் படிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அதில் ஒன்றின் பெயர் 'நெல்-1'. (நம் வயல் நெல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) சென்னையில் சிறுநீரகச் சதைகளைப் பரிசோதிக்கும் மையம் ஒன்றின் மருத்துவர் அனிலா குரியனும் குழுவினரும், இந்த நெல்-1 தெரிந்த நோயாளிகளில் பலர் நாட்டு மருந்து சாப்பிட்டவர்கள் என்று கண்டு 2022-இல் வெளியிட்டார்கள். அம்மருந்துகளில் பாதரசம் இருந்தது. மருந்தை நிறுத்தியதும் பலருக்குப் புரதம் ஒழுகுவது குறைந்தது. அடுத்த ஆண்டே கேரளத்தின் கோட்டக்கல்லில், முகத்தை வெளுக்க வைக்கும் கிரீம் பூசியவர்களிடம் இதே நெல்-1 தெரிந்தது. நாட்டு மருந்து எல்லாமே கெடுதல் என்று நாம் சொல்லவில்லை. நெல்-1 சிலருக்குக் கேன்சரின் அறிகுறியாகவும் இருக்கும் என்பதால் டாக்டர் அதையும் தேடுவார். ஆனால் ஒரு துணுக்குச் சதை, மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட வேண்டியவரையும் ஒரு டப்பாவைத் தூக்கி எறிந்தால் போதும் என்ற நிலையில் இருப்பவரையும் பிரித்துக் காட்டியிருக்கிறது.

இதை எழுதும்போது நம் மனதை அறுக்கும் ஒரு விஷயம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கால் வீக்கத்தோடு வந்த ஒரு சகோதரருக்கு டாக்டர் பயாப்ஸி எழுதியிருந்தார். நமது கமிட்டி, "பரிசோதனைக்கு உதவும் வழக்கமில்லை, சிகிச்சை என்றால் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பியது. அந்தக் கடிதத்தில் கையெழுத்து நம்முடையது. அவர் யாரோ சொன்ன லேகியத்தை வாங்கிச் சாப்பிட்டார். ஒன்றரை ஆண்டு கழித்து டயாலிசிஸ் உதவி கேட்டு வந்தார், கொடுத்தோம், இன்றும் கொடுக்கிறோம். அன்று பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. பார்க்காததால் அவருக்கு என்ன நோய் என்பதே இன்றுவரை யாருக்கும் தெரியாது. சுருங்கிப்போன சிறுநீரகத்தில் இனி எடுத்தாலும் தழும்புதான் தெரியும் என்கிறார்கள்.

முதலில் சொன்ன தாய் ஒப்புக்கொள்ள ஒன்பது நாள் ஆயிற்று. மறுநாளே முதல் ரிப்போர்ட் வந்தது: பி.கே. வைரஸ். மருந்தைக் குறைத்தார்கள். அந்த அம்மா கேட்ட ஸ்டீராய்டைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரே அவரிடம் விளக்கினாராம். கிரியாட்டினின் பழைய 1.2-க்குத் திரும்பவில்லை, 1.6-இல் நிற்கிறது. மகன் இப்போது மில்லில் ஸ்டோர் வேலைக்கு மாறியிருக்கிறார்.

பயாப்ஸிக்குப் போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். லேகியம், பஸ்பம், முகத்தில் பூசும் கிரீம் உட்பட. இரத்தம் இளகும் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை அவரே சொல்லட்டும். திரும்பி வந்தபின் சிறுநீர் சிவந்தாலோ வலி கூடினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரிப்போர்ட்டின் நகலையும் அதிலுள்ள எண்ணையும் பத்திரமாக வையுங்கள். மெழுகுக் கட்டியை லேபில் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பார்கள், இன்னொரு டாக்டரின் கருத்துக் கேட்க மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை. சிறுநீரகம் மாற்றியவர்கள் ரமலானில் கவனமாக இருக்க வேண்டும். டாக்ரோலிமஸ் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிடும் மருந்து, ஸஹருக்கும் இஃப்தாருக்கும் இடையே அதைவிட அதிக நேரம் ஆகும். நோன்பு வைக்கலாமா, எந்த மருந்தில் வைக்கலாம் என்பதை ஷஅபான் மாதத்திலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையை ஆலிம்கள் விளக்குவார்கள்.

சென்ற கூட்டத்தில் கமிட்டி பழைய விதியை மாற்றிவிட்டது. முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்குமா என்று மருத்துவமனையின் உதவி மேசையில் முதலில் கேளுங்கள். கிடைக்காத பட்சத்தில் பயாப்ஸிக்கும், சென்ட்ரல் எதிரிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ காட்பாடி வழியாக வேலூருக்கோ போய்வரும் ரயில் செலவுக்கும், துணைக்கு வரும் ஒருவரின் செலவுக்கும் நமது அறக்கட்டளை உதவும். டாக்டரின் சீட்டு, கடைசி இரத்தப் பரிசோதனைத் தாள், ரேஷன் அட்டை நகல் ஆகியவற்றுடன் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வரவும். அவசரம் என்று டாக்டர் எழுதியிருந்தால் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.