கைப்பைக்கு ஒரு திருவிழா

2008ஆம் ஆண்டு பிப்ரவரியில், பாரீஸ் நகரத்து ஷானெல் நிறுவனம் தனது மெத்தைத் தையற் கைப்பையின் புகழ் பரப்ப, ஹாங்காங்கில் ஒரு காட்சி மண்டபம் எழுப்பிற்று. ஸாஹா ஹதீத் அம்மையார் வகுத்த அம்மண்டபம், பிரித்து வேற்றூர் கொண்டுசெல்லத் தக்கது. டோக்கியோ சென்று, அக்டோபரில் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவை அடைந்தது. அந்நகரில் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் வீழ்ந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. ஊர் வேலையிழந்து நிற்கையில் கைப்பைக்குத் திருவிழா!

டிசம்பரில் லண்டன், மாஸ்கோ, பாரீஸ் பயணங்கள் கைவிடப்பட்டன. அம்மாதமே தற்காலிகத் தொழிலாளர் ஏறத்தாழ 200 பேருக்கு வேலை நீட்டிக்கப்படாதென்ற செய்தியும் வந்தது. பந்தல் பிரிந்ததில் நமக்கு வருத்தமில்லை. பந்தற் செலவும் கூலியும் சரக்கின் விலையிலிருந்தே பெறப்படுவன. முன்னதற்கு ஆண்டு முழுதும் தாராளம். பின்னதற்கு ஆண்டிறுதியில் சிக்கனம்.

நியாயத்துக்கு மற்றொன்றும் கூறவேண்டும். 2012இல் ஸ்காட்லாந்து ஹாயிக் ஊரின் பாரி பின்னலாடை ஆலை, தாய் நிறுவனம் நொடித்தமையால் தத்தளித்தது. ஷானெலுக்கு நெடுங்காலம் கம்பளிச் சட்டை பின்னித் தந்த ஆலை அது. அதனை விலைக்கு வாங்கிக் காத்ததும் இதே ஷானெல்தான். கலைந்த கைத்திறனை மீண்டும் கூட்டுதல் அரிதென்பதை வணிகரும் அறிவர் போலும்! மண்டபம் பாரீஸின் அரபு உலகக் கழகத்துக்குக் கொடையாகச் சென்றது. ஆலையில் இன்றும் பின்னல் நடைபெறுகிறது.