கைமாறி வளரும் மரங்கள்
உலக போன்சாய் மாநாடு: ஓர் அறிமுகம்

ஒலிம்பிக் போட்டிகளைப் போலவே நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, நாட்டுக்கு நாடு இடம் மாறி நடைபெறும் மாநாடு ஒன்று உண்டு. அதில் பதக்கப் பட்டியல் கிடையாது. வருவோரிடம் பேசுவதற்குப் பொதுவான மொழியும் பெரும்பாலும் இராது. ஒரு முழ உயரம்கூட இல்லாத மரங்களை எவ்வாறு நூற்றாண்டுகள் வாழ வைப்பது என்பதைக் கற்கவும் கற்பிக்கவுமே அவர்கள் கூடுகின்றனர். அதுவே உலக போன்சாய் மாநாடு.

வீட்டு மொட்டைமாடியில் ஓர் ஆலங்கன்றையோ காகிதப்பூச் செடியையோ தட்டையான தொட்டியில் வளர்த்து வருபவர்கள் நம் வாடிக்கையாளர்களிலும் பலர் இருக்கக்கூடும். அவர்களுக்கும், இக்கலையை இதுவரை அறியாதவர்களுக்கும் பயன்படும் வகையில் மாநாட்டின் வரலாற்றையும் அதன் நோக்கத்தையும் இங்கே காண்போம்.

போன்சாய் என்பது என்ன?

ஜப்பானிய மொழியில் ‘போன்’ என்பது தட்டையான தொட்டியையும், ‘சாய்’ என்பது நடுதலையும் குறிக்கும். போன்சாய் என்பது தனியொரு குட்டை மர இனம் எனப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. காட்டில் நூறு அடி வளரும் பைன் மரமும் தொட்டியில் இரண்டடி நிற்கும் பைன் மரமும் ஒரே இனமே. தொட்டி மரத்தின் விதையை எடுத்து நிலத்தில் விதைத்தால் அது ஓங்கி வளரும். வேரையும் கிளையையும் அளவறிந்து கவாத்து செய்தல், செம்பு அல்லது அலுமினியக் கம்பி சுற்றிக் கிளைகளை வளைத்தல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டியிலிருந்து எடுத்து வேரைச் சீர்செய்து மண் மாற்றுதல் ஆகிய பணிகளின் தொடர்ச்சியே அதைச் சிறிய உருவில் நிறுத்தி வைக்கிறது.

இக்கலையின் வேர் சீனாவில் உள்ளது. கி.பி. 706-இல் எழுப்பப்பட்ட தாங் வம்ச இளவரசர் ஒருவரின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு தட்டில் அமைந்த செடியையும் கற்களையும் பணியாளர் ஏந்திச் செல்லும் காட்சி இடம்பெற்றுள்ளது. சீனாவில் ‘பென்ஜிங்’ என வழங்கும் இக்கலை ஜப்பானுக்குச் சென்று தனி இலக்கணம் பெற்றது.

போன்சாய் மரத்துக்கு ‘வேலை முடிந்தது’ என்ற நிலையே இல்லை என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். சிற்பி தன் சிலையை முடித்து ஒப்படைத்துவிடலாம். மரம் தொடர்ந்து வளர்ந்துகொண்டேயிருக்கும். வளர்த்தவர் மறைந்தபின் மற்றொருவர் அதே கவனத்துடன் பொறுப்பேற்காவிடில், முந்நூறு ஆண்டு மரமும் ஒரு கோடையில் பட்டுப்போகும்.

நிலநடுக்கத்தில் பிறந்த சிற்றூர்

1923 செப்டம்பர் 1 அன்று தோக்கியோவையும் சுற்றுப்பகுதிகளையும் பெரும் நிலநடுக்கமும் தீயும் அழித்தன. நகரில் தொழில் செய்துவந்த போன்சாய்த் தோட்டக்காரர்கள் சிலர், தூய நீரும் நல்ல காற்றும் விரிந்த நிலமும் தேடி, வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓமியாவுக்குக் குடிபெயர்ந்தனர். 1925-இல் அங்கே ‘போன்சாய்க் கிராமம்’ உருவாயிற்று. இன்று அது சைதாமா நகரின் ஒரு பகுதி.

அங்குக் குடியேற விரும்புவோருக்கு அவர்கள் வகுத்த விதிகள் சுவையானவை. குறைந்தது பத்து போன்சாய் மரங்களேனும் வைத்திருக்க வேண்டும். வேலிக்குச் சுவர் எழுப்பாமல் உயிர்வேலி அமைக்க வேண்டும். மாடி வீடு கட்டலாகாது. வருவோர் எவரும் காணுமாறு வாயில் திறந்திருக்க வேண்டும். இவற்றுள் கடைசி விதி கூர்ந்து நோக்கத்தக்கது. தொழில் நுணுக்கத்தைப் பூட்டி வைப்பதே வணிகத்தில் பாதுகாப்பு எனக் கருதப்பட்ட காலத்தில், அவர்கள் வாயிலைத் திறந்து வைத்தனர்.

ஆயினும் இரண்டாம் உலகப்போர் கிராமத்தைக் கடுமையாகப் பாதித்தது. ஒரு காலத்தில் முப்பது அளவில் இருந்த தோட்டங்கள் இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவையே. கைகள் குறைந்தால் மரங்களும் குறையும் என்பதை ஓமியா தன் அனுபவத்தால் அறிந்திருந்தது.

1989: முதல் மாநாடு

ஓமியாவின் புகழ்பெற்ற தோட்டமான மான்செய்-என் குடும்பத்தில் மூன்றாம் தலைமுறையாக வந்தவர் சபுரோ காத்தோ (1915–2008). போர்க்காலத்தின் இழப்புகளைக் கண்ணாரக் கண்ட அவர், போன்சாய் வழியே நாடுகளிடையே அமைதியும் நட்பும் வளர முடியும் என நம்பினார். அவருடன் இணைந்தவர்களுள் இருவரைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் பிறந்து, சிறுவயதில் ஜப்பானில் வளர்ந்து, மீண்டும் அமெரிக்கா திரும்பிய ஆசான் ஜான் நாக்கா ஒருவர். போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய, ஜப்பானிய மரபினரான ஹவாய் வழக்கறிஞர் டெட் சுக்கியாமா மற்றவர். ஒருகாலத்தில் எதிரெதிரே நின்ற இரு நாடுகளையும் தம் வாழ்விலேயே இணைத்தவர்கள் இவர்கள்.

இவர்களின் முயற்சியால் 1989 ஏப்ரலில் ஓமியாவில் முதல் உலக போன்சாய் மாநாடு கூடியது. அங்கேயே உலக போன்சாய் நட்புறவுக் கூட்டமைப்பும் தொடங்கப்பெற்று, காத்தோ அதன் முதல் தலைவரானார். அதன்பின் மாநாடு 1993-இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ, 1997-இல் தென்கொரியாவின் சியோல், 2001-இல் ஜெர்மனியின் மியூனிக், 2005-இல் வாஷிங்டன், 2009-இல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான், 2013-இல் சீனாவின் ஜின்டான் எனப் பயணம் செய்து, 28 ஆண்டுகளுக்குப் பின் 2017-இல் பிறந்த இடமான சைதாமாவுக்கே திரும்பியது. அடுத்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடைபெறவிருந்த மாநாடு, பெருந்தொற்றினால் தள்ளிப்போய் 2022-இல் கூடியது. காத்தோவின் நினைவாக ஆண்டுதோறும் மே மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை உலக போன்சாய் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

மாநாட்டில் என்ன நடைபெறுகிறது?

கண்காட்சி, செயல்விளக்கம், பயிற்சிப் பட்டறை, சந்தை என நான்காக இதன் நிகழ்வுகளைப் பகுக்கலாம். கண்காட்சியில் நடத்தும் நாட்டின் சிறந்த மரங்கள் வைக்கப்படும். மரங்களோடு ‘சுய்செகி’ எனப்படும் இயற்கை அழகுக் கற்களும் இடம்பெறும். சந்தையில் தொட்டிகள், கத்தரிகள், கம்பிகள், மண் கலவைகள் விற்பனையாகும். எனினும் பெருங்கூட்டத்தை ஈர்ப்பது செயல்விளக்கமே. கட்டுப்பாடின்றி வளர்ந்த ஒரு மரத்தை மேடையில் வைத்து, எந்தக் கிளையை நீக்குவது, எதை வளைப்பது, மரத்தின் முகப்பு எது என்பதை ஆசான் விளக்கியவாறே சில மணி நேரத்தில் அதற்கு உருவம் தருவார். பேச்சு மொழிபெயர்க்கப்படும், கைவேலைக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. பட்டறையிலோ ஒவ்வொருவர் முன்னும் ஒரு மரம் இருக்கும். ஆசான் அருகில் வந்து திருத்துவார்.

ஆசான்கள் தங்கள் நாட்டு மரங்களை ஏன் உடன் கொண்டுவருவதில்லை என்ற ஐயம் எழலாம். வேரிலும் மண்ணிலும் பூச்சிகளும் நோய்க்கிருமிகளும் மறைந்து வரக்கூடும் என்பதால், மண்ணோடு கூடிய செடிகளின் இறக்குமதிக்கு இந்தியா உட்படப் பல நாடுகள் கடுமையான கட்டுப்பாடு விதித்துள்ளன. அனுமதி கிடைத்தாலும் தனிமைப்படுத்தும் காலம் நீளும். ஆகவே மரம் பயணம் செய்வதைவிட மனிதர் பயணம் செய்வது எளிது. வந்த ஆசான், நடத்தும் நாட்டின் மண்ணில் விளைந்த மரத்திலேயே தம் திறனைக் காட்டுகிறார். இதனால் விளைந்த நன்மை பெரிது. ஜப்பானியப் பைன் மட்டுமே போன்சாய் என்ற எண்ணம் மறைந்து, புளோரிடாவின் சதுப்புநில சைப்ரஸ், ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு மரங்கள், வெப்ப நாடுகளின் ஆலும் இச்சியும் புளியும் என அந்தந்த மண்ணின் மரங்கள் இக்கலைக்குள் வந்தன.

இக்கூட்டமைப்பின் மண்டலங்களுள் இந்தியா தனி மண்டலமாகவே இடம்பெற்றுள்ளது. ஆலின் விழுதும் அகன்ற அடித்தண்டும் இங்குள்ள ஆர்வலர்களுக்கு இயற்கை வழங்கிய பாடம். ஜப்பானியப் பைனுக்குரிய பராமரிப்பு முறையை நம் ஊர் இச்சிமரத்துக்கு அப்படியே பின்பற்றினால் பயன் இராது. நம் வெயிலும் மழையும் வேறு. உலக மாநாட்டில் கற்றதை உள்ளூர்ப் பருவத்துக்கேற்ப மாற்றிக்கொள்வதே இந்தியக் கலைஞர்களின் உண்மையான பணி.

வாஷிங்டனின் பைன் மரம்

2005-ஆம் ஆண்டு மாநாடு கூடிய வாஷிங்டனில், அமெரிக்கத் தேசிய மரத்தோட்டத்தினுள் போன்சாய் அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. அமெரிக்க விடுதலையின் 200-ஆம் ஆண்டை முன்னிட்டு 1976-இல் ஜப்பான் அன்பளிப்பாக வழங்கிய 53 போன்சாய் மரங்களே அதன் தொடக்கம். அவை முன்னதாகவே வந்திறங்கித் தனிமைப்படுத்தும் காலத்தைக் கழித்த பின்னரே காட்சிக்கு வந்தன.

அவற்றுள் ஒரு வெள்ளைப் பைன், 1625 முதல் தொட்டியில் வளர்க்கப்பட்டு வருவது. ஹிரோஷிமாவைச் சேர்ந்த மசாரு யமாக்கியின் குடும்பம் அதைத் தலைமுறைகளாகக் காத்துவந்தது. 1945 ஆகஸ்டு 6 அன்று அந்நகரின் மீது அணுகுண்டு வீசப்பட்டபோது, குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில், தோட்டச் சுவரின் மறைவில் நின்ற அம்மரம் உயிர் தப்பியது. வீட்டிலிருந்தோரும் பிழைத்தனர். குண்டு வீசிய நாட்டுக்கே அம்மரத்தைப் பரிசளித்தபோது இச்செய்தி பறைசாற்றப்படவில்லை. 2001-இல் யமாக்கியின் பேரன்கள் இருவர் மரத்தைக் காண வந்தபோதுதான் அருங்காட்சியகத்தார் அதன் வரலாற்றை அறிந்தனர். அதுவரை கால் நூற்றாண்டாக, வரலாறு அறியாமலேயே, அமெரிக்கப் பணியாளர்கள் அதற்கு நாள்தோறும் நீர் வார்த்துவந்தனர்.

அன்போடு நிதியும் ஒழுங்காக வரவேண்டும் அல்லவா? அதற்கென 1982-இல் தேசிய போன்சாய் அறக்கட்டளை நிறுவப்பெற்று, அருங்காட்சியகத்துக்குத் துணைநிற்கிறது.

ஒரு வங்கியாளரின் கொடை

அதே அருங்காட்சியகத்தில் சீனப் பிரிவு உருவாக வழிவகுத்தவர் ஒரு வங்கியாளர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஹாங்காங்கில் 1933-இல் தோன்றிய விங் லுங் வங்கியின் நிறுவனர்களுள் ஒருவரான வூ யீ-சுன், பென்ஜிங் கலையில் தேர்ந்த ஆசானும் ஆவார். கம்பியைச் சார்ந்திராமல், வளரவிட்டு நறுக்கி, மீண்டும் வளரவிட்டு நறுக்கி உருவம் காணும் தென்சீன முறையை அவர் பின்பற்றினார். இம்முறையில் ஒரு கிளை தடித்து வடிவம் பெறப் பல ஆண்டுகள் ஆகும். தாம் வளர்த்த மரங்களை 1984-இல் கனடாவின் மாண்ட்ரியல் தாவரவியல் தோட்டத்துக்கும், 1986-இல் வாஷிங்டனுக்கும் கொடையாக வழங்கினார். தமக்குப்பின் இவற்றைக் காப்பவர் யார் என்ற வினாவுக்கு, தாம் வாழும்போதே விடை எழுதியவர் அவர்.

மதிப்பு எதில் உள்ளது?

2011-இல் ஜப்பானின் தக்காமத்சு நகரில் நடந்த ஆசிய பசிபிக் போன்சாய் மாநாட்டில் 10 கோடி யென் விலை குறிக்கப்பட்ட பைன் மரம் ஒன்று பேசுபொருளாயிற்று. இத்தகைய செய்திகளைப் படித்து, போன்சாயை முதலீடாகக் கருதலாமா எனக் கேட்போரும் உளர். தங்கத்தைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் பத்து ஆண்டுகள் மறந்திருக்கலாம். போன்சாயைப் பத்து நாள் மறக்க இயலாது. 2019-இல் சைதாமா மாநிலத்தின் தோட்டம் ஒன்றிலிருந்து, ஏறத்தாழ 400 ஆண்டு வயதுடையதும் ஒரு கோடி யென்னுக்கு மேல் மதிப்புடையதுமான ஜூனிப்பர் உள்ளிட்ட ஏழு மரங்கள் களவு போயின. உரிமையாளர்கள் விடுத்த முதல் வேண்டுகோள் மரத்தைத் திருப்பித் தரச் சொல்வதோடு நிற்கவில்லை. எடுத்துச் சென்றவர்கள் அதற்குத் தண்ணீராவது ஊற்ற வேண்டும் என்று கெஞ்சி, ஊற்றும் முறையையும் தெரிவித்தனர். தம் கையைவிட்டுப் போனாலும் மரம் வாழவேண்டும் என்பதே அவர்கள் கவலையாயிருந்தது.

அரிதின் தேடிய பொருள் எதற்கும் இது பொருந்தும். கணக்கில் நியமனதாரர் பெயரைப் பதிவதும், உயில் எழுதி வைப்பதும் உரிமையைக் கைமாற்றும். பேணும் முறையைக் கைமாற்றுவது நம் வாயிலாகவே நடைபெற வேண்டும். எனவே மொட்டைமாடியில் போன்சாய் வளர்ப்போர், நீர் ஊற்றும் அளவையும் கவாத்து செய்யும் பருவத்தையும் வீட்டிலுள்ள இளையோர் ஒருவருக்கேனும் இன்றே கற்றுத் தருதல் நன்று. கம்பி சுற்றும்போது அவர்களையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். ஒரு கிளையை அவர்கள் கையில் விடுங்கள்.