மோன்சா: ஒரே தடம், வெவ்வேறு காலத்து வேகம்

பந்தயக் கார்களின் வேகத்தைக் காலம் கடந்து ஒப்பிட, உச்ச வேகம் மட்டும் போதாது. தடமும் ஒன்றாக இருக்க வேண்டும். இத்தாலியில் 1922-இல் திறக்கப்பட்ட மோன்சா இதற்கு அருமையான அளவுகோல். ஆனால் அதுவும் மாறாமல் இருந்ததில்லை.

1971-இல் இத்தாலிய கிராண்ட் பிரி பந்தயத்தை பீட்டர் கெதின் மணிக்குச் சராசரி 242.6 கி.மீ. வேகத்தில் வென்றார். இரண்டாமவரோடு இடைவெளி வெறும் 0.01 வினாடி! முன்னால் செல்லும் கார் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் ஒட்டி வரும் காருக்கு எதிர்க்காற்று குறையும். இப்படி மாறி மாறி முந்திய ஐந்து கார்கள் 0.61 வினாடிக்குள் கோட்டைத் தாண்டின. வேகத்தைக் குறைக்கும் நெளிவளைவுகள் அன்று தடத்தில் இல்லை. மறு ஆண்டே வந்துவிட்டன.

அதனால் அந்தச் சராசரி வேகச் சாதனை 32 ஆண்டுகள் நிலைத்தது. 2003-இல் மைக்கேல் ஷூமாக்கர் அங்கேயே 247.6 கி.மீ. சராசரியைத் தொட்டார், 2025-இல் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 250.7.

ஐம்பத்து நான்கு ஆண்டுகளில் எட்டு கி.மீ. தானா என்று எண்ணிவிடக் கூடாது. இன்றைய கார் 340 கி.மீ. வேகத்தில் பாய்ந்து வந்து, முதல் நெளிவளைவில் 100-க்கும் கீழே இறங்கி, மீண்டும் சீறிக் கிளம்புகிறது. டயர் மாற்றவும் ஒருமுறை நிற்கிறது. இழந்த நேரத்தை மீட்டுத் தருபவற்றில் கார்பன் பிரேக்குகளும், காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகளும், வளைவில் வழுக்காத அகன்ற டயர்களும் அடங்கும்.