இறக்கைக்குத் தசை எங்கிருந்து வருகிறது?

கோழிக்குஞ்சு முட்டையை விட்டு வெளிவர 21 நாட்கள் ஆகும் என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால், ஓட்டைக் கொத்தி உடைக்கும் கழுத்துத் தசைக்கு இரண்டாம் நாளிலேயே வித்து இடப்படுகிறது என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

அடைவைத்து ஏறக்குறைய ஒரு நாள் கழிந்ததும், முதுகந்தண்டு அமையப்போகும் கோட்டின் இருபுறமும் சிறுசிறு திசுக் கட்டிகள் தோன்றுகின்றன. சோமைட் எனப்படும் இவை, தலையிலிருந்து வால் நோக்கி, சுமார் 90 நிமிடங்களுக்கு ஒரு ஜோடியாக உருவாகின்றன. கட்டியின் கீழ்ப்பகுதி முதுகெலும்பாகவும் விலா எலும்பாகவும் மாறுகிறது. மேற்பகுதியிலிருந்து முதுகுத் தோலும் தசையும் வருகின்றன. (இதயத் தசையின் பிறப்பிடம் வேறு. அது இரண்டாம் நாளிலேயே துடிக்கத் தொடங்கிவிடும்.)

ஓர் உயிரணு தசையாவதை அதன் அண்டை அயலார்தாம் முடிவு செய்கின்றனர் எனலாம். பக்கத்திலுள்ள நரம்புக்குழலும் முதுகுநாணும் அனுப்பும் புரதச் சைகைகள், மயோ-டி போன்ற மரபணுக்களைத் தட்டி எழுப்புகின்றன. 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த ஒரு மரபணுவைச் சாதாரண இணைப்புத்திசு உயிரணுக்களில் செலுத்தியபோது அவை தசையாக மாறின! தசையாகும் உயிரணு பிரிந்து பெருகுவதை நிறுத்திக்கொள்கிறது. நீண்டு, மற்றவற்றோடு ஒன்றிணைந்து இழையாகிறது.

இறக்கைத் தசை இறக்கை மொட்டிலேயே பிறக்கிறது என்ற கருத்து ஒரு காலத்தில் இருந்தது. அதைச் சோதிக்க உதவியது காடை. காடை உயிரணுவின் கருவைச் சாயமிட்டால், கோழியினுடையதிலிருந்து எளிதில் பிரித்தறியலாம். பிரான்சின் நிக்கோல் லெ துவாரான் 1969இல் இதை முறையாகப் பயன்படுத்திக் காட்டினார். 1977இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் இரு குழுக்கள், கோழிக் கருவின் இறக்கைப் பகுதிச் சோமைட்டுகளை அகற்றிவிட்டுக் காடையினுடையதைப் பொருத்தின. வளர்ந்த இறக்கையில் எலும்பு கோழியினுடையது. தசை இழைகளோ காடையினுடையவை! முதுகோரத்தில் பிறந்த உயிரணுக்கள் இறக்கைக்குப் பயணம் செய்திருந்தன.

கோழி முட்டையோடு முடிகிற செய்தி அல்ல இது. சிறுவர்களை நடக்கவிடாமல் முடக்கும் டுஷேன் தசைச்சிதைவு நோய்க்கு மருந்து தேடுவோருக்கு, சோதித்துப் பார்க்கத் தசை வேண்டும். கருவில் நிகழும் சைகை வரிசையைப் பின்பற்றி, குருத்தணுக்களிலிருந்து தசை இழைகளைக் கிண்ணத்திலேயே வளர்க்கும் முறையை ஒலிவியே பூர்கியே குழுவினர் 2015இல் வெளியிட்டனர். கோழிக் கருவில் சோமைட் உருவாகும் அந்த 90 நிமிடத் தாளத்தை இயக்கும் மரபணுக் கடிகாரத்தை 1997இல் கண்டறிந்ததும் அவருடைய குழுவே.