பள்ளி

காஜிமார் தெருவில் பள்ளிவாசல். மீனாட்சி கோயிலில் ராத்திரி சொக்கரின் பாதுகை போய்ச் சேருமிடம் பள்ளியறை. நம்ம பிள்ளைகள் போவது பள்ளிக்கூடம். சொல் ஒன்றுதான். பள்ளிகொள்ளுதல் என்றால் படுத்தல். துறவிகள் படுத்த இடத்துக்கும் பிறகு பாடம் சொன்ன இடத்துக்கும் அது பெயராகியிருக்கிறது.

மேலூர்ப் பக்கம் மாங்குளம் மலைக் கல்வெட்டை கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று கணித்தார் ஐராவதம் மகாதேவன். கணி நந்தன் என்ற சமணத் துறவிக்கு நெடுஞ்செழியனின் பணியாளன் வெட்டுவித்த உறைவிடத்தை அது 'பளிஇய்' என்கிறது. (அதே கல்வெட்டில் பிராகிருதத் 'தம்ம'மும் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. தனித்தமிழ் நண்பர்கள் கவனிக்கலாம்.)

இந்த மாதிரிக் கற்படுக்கைகளுக்கு ஊர்ச்சனங்கள் வைத்த பேர் பஞ்சபாண்டவர் படுக்கை. சமணர் பேரே அழிந்துபோயிற்று. எண்ணாயிரம் பேர் கழுவேறியதாகப் பெரியபுராணம் சொல்கிற மண்ணில் இது ஆச்சரியமில்லை. ஆனால் அவர்கள் சொல் கழுவேறவில்லை. 'பள்ளிக்கொடம் போகலையாடா' என்று அதட்டுகிற ஆத்தாளுக்கு அது யார் சொத்து என்ற கேள்வியே எழுவதில்லை.

அரிட்டாபட்டி மலையிலும் இப்படியொரு பள்ளி உண்டு. 2024இல் அந்த வட்டாரத்தையே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர்கள் திரண்டதில் 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. திரண்டவர்களில் பெரும்பாலோர் சம்சாரிகள். நம்ம பக்கம் விவசாயிக்கு அதுதான் பேர்.