கரை மேல் ஏறும் தண்ணீர்

2024 டிசம்பர் 2ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, வலுவிழந்து, உள்மாவட்டங்களின் மேல் நகர்ந்துகொண்டிருந்த நேரம் அது. கடலோர மாவட்டங்களுக்கு இப்படிப்பட்ட மழை பழக்கம்தான். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை பெய்யும் என்று யாரும் கணக்குப் போட்டு வைத்திருக்கவில்லை. ஏரி நிரம்பி வெளியேறிய வெள்ளம், சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் இழுத்துக்கொண்டு போனதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

அந்த மழையை ஏரிக் கணக்கில் பார்த்தால்தான் அதன் அளவு பிடிபடும். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 50 செ.மீ. மழை என்றால் 50 கோடி லிட்டர் தண்ணீர். பாதி மண்ணுக்குள் இறங்கியது என்று வைத்தாலும் மிச்சம் 25 கோடி லிட்டர், அதாவது 8.8 மில்லியன் கன அடி. சின்ன ஏரிகள் பலவற்றுக்கு மொத்தக் கொள்ளளவே அந்த அளவில்தான் இருக்கும். ஏரிக்குத் தண்ணீர் தரும் நிலமோ ஒரு சதுர கிலோமீட்டரோடு நிற்பதில்லை.

நம் ஏரிக்கரை ஒவ்வொன்றும் ஒரு மண் அணை. தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைத் தாங்கி நிற்பது சிமெண்டோ இரும்போ இல்லை, பக்கத்து நிலத்தில் வெட்டிக் கொட்டிய மண். மண் எப்படித் தண்ணீரைத் தடுக்கிறது? முழுவதுமாகத் தடுப்பதில்லை என்பதுதான் பதில். கரைக்குள் தண்ணீர் எப்போதும் ஊறிக்கொண்டேயிருக்கிறது. உள்வாய்ப் பக்கத்தில் நீர்மட்டத்தில் தொடங்கும் ஈரக்கோடு கரையின் உடம்புக்குள் மெல்லச் சரிந்து, வெளிப்பக்கத்து அடிவாரத்தில் வந்து முடியும். கரை அகலமாகவும் சரிவு சாய்வாகவும் இருந்தால் ஊறும் தண்ணீர் வேகமிழந்து, மண்ணை அசைக்காமல் வெளியே வரும். கரை மேலே குறுகி அடியில் விரிந்திருப்பது இதனால்தான்.

கெட்டிப்படுத்துவதில்தான் பாதி சூட்சுமம். மண்ணைக் காய்ந்த நிலையில் மிதித்தால் கட்டி கட்டியாக நிற்கும். சேறாக மிதித்தால் வழுக்கிப் பிதுங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு ஈரப்பதத்தில்தான் அது மிக நெருக்கமாகப் படியும். அமெரிக்கப் பொறியாளர் ரால்ப் பிராக்டர் 1933இல் இதை அளந்து, பரிசோதனைச் சாலையில் செய்து பார்க்கும் முறையாக்கினார். இன்று எந்த அணைக்கும் எந்த நெடுஞ்சாலைக்கும் மண் கொட்டினாலும் அவர் பெயரிலான சோதனையைத்தான் செய்கிறார்கள். அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே நம் ஊரில் மாடுகளை விட்டு மிதிக்கவைத்து, அடுக்கடுக்காக மண் போட்டுக் கரை எழுப்பியவர்கள், கைப்பிடி மண்ணை உருட்டிப் பார்த்தே அந்த ஈரத்தைக் கண்டுகொண்டார்கள்.

கரை உடைவதற்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று உள்ளிருந்து வருவது. எலி வளை, நண்டு வளை, கறையான் புற்று, வெட்டிய மரத்தின் மக்கிய வேர் என்று ஏதோ ஒரு ஓட்டை வழியே ஊற்று வேகமெடுத்து, மண் துகளையும் சேர்த்து இழுத்துவரத் தொடங்கும். துகள் வெளியேற வெளியேற ஓட்டை பெரிதாகும். பெரிதாக ஆக வேகமும் கூடும். 1976 ஜூன் 5ஆம் தேதி அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், புதிதாகக் கட்டி முதல்முறை நிரப்பிக்கொண்டிருந்த டீட்டன் அணை இப்படித்தான் போனது. காலையில் கசிவைப் பார்த்தார்கள். மதியத்துக்குள் கரை இடிந்துவிட்டது.

ஏரியையும் மதகையும் கவனிக்கும் ஊர்ப் பணியாளரான நீர்க்கட்டி, ஏரிக்கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில் நடக்கும்போது இதற்காகத்தான் கசியும் தண்ணீரின் நிறத்தைப் பார்க்கிறார். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்தால் யாருக்கும் தெரியும். தெளிவாக இருந்தால் கரை சுவாசிக்கிறது, கவலையில்லை. கலங்கலாக இருந்து அடியில் மண் படிந்தால் கரைக்குள் குழி விழுகிறது. அந்த இடத்தில் பதற்றத்தில் களிமண்ணைப் போட்டு அடைப்பது பெரிய தவறு; அடைபட்ட தண்ணீர் பக்கத்தில் வேறு இடத்தைக் குடைந்து கிளம்பும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, நடுவே முதலில் மணல், அதன் மேல் சிறு ஜல்லி, அதற்கும் மேல் பெரிய ஜல்லி என்று போட வேண்டும். தண்ணீர் வெளியேறும், மண் தங்கிவிடும். ஏரிக்கரை உள்ள ஒவ்வொரு ஊராட்சியிலும் மழைக்காலத்துக்கு முன் பத்துப் பேருக்காவது இதைச் செய்து காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். செலவு ஒரு லோடு மணலும் ஜல்லியும்தான்.

இரண்டாவது வழி மேலிருந்து வருவது, இதுதான் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர்ப் பக்கத்துக்குக் கவலை தர வேண்டியது. மண் கரை உள்ளே ஊறும் தண்ணீரைத் தாங்கும். தலை மேல் ஏறி வழியும் தண்ணீரைத் தாங்காது. வெளிச்சரிவில் பாயும் நீர் அடிவாரத்தை முதலில் அரித்து, பிறகு மேல்நோக்கிக் கரையைத் தின்றுகொண்டே வரும். 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு-2 அணையின் மண் கரைகள் இப்படி வழிந்து உடைந்துதான் மோர்பி நகரம் நாசமானது. கரைக்கு இந்தக் கதி வராமல் காப்பது கோடி. ஏரி நிரம்பியதும் உபரி வழிய, கரையைவிடத் தாழ்வாகக் கல் கட்டி விட்டிருக்கும் கலங்கல். ‘ஏரி கோடி போகுது’ என்று ஊர் பூஜை போட்டுக் கொண்டாடுவதெல்லாம் அந்தக் கல்வரிசையின் மேல் தண்ணீர் புரளும்போதுதான்.

கோடி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? சென்னை மாகாணப் பொறியாளர்களுக்கு இதற்கென்று ஒரு சூத்திரம் இருந்தது. 1884இல் ரைவ்ஸ் வகுத்தது. நீர்ப்பிடிப்புப் பரப்பின் மூன்றில் இரண்டு மடிப் பெருக்கத்தை, கடலிலிருந்து உள்ள தூரத்துக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கினால் வரக்கூடிய உச்ச வெள்ளம் கிடைத்துவிடும். எளிமையானது, அன்றைக்குப் போதுமானது. ஆனால் அதில் பரப்பளவுக்கு இடமுண்டு. அந்தப் பரப்பின் மேல் என்ன இருக்கிறது என்பதற்கு இடமில்லை. கேழ்வரகுக் கொல்லையும் சிமெண்ட் தளமும் அதற்கு ஒன்றுதான்.

ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 2019இல் ஊர் மாநகராட்சியானது. அத்திப்பள்ளி எல்லையிலிருந்து சூளகிரி வரை சாலையின் இருபுறமும் தகரக்கூரை, கான்கிரீட், தார். இது மழைநீரை என்ன செய்கிறது என்பதற்கு ஒரு கற்பனை ஏரியை வைத்துக் கணக்குப் பார்ப்போம். நீர்ப்பிடிப்பு 10 சதுர கிலோமீட்டர், கோடியின் நீளம் 50 மீட்டர், கோடிக்கு மேல் கரை 3 அடி உயரம். ஏரி ஏற்கெனவே நிரம்பியிருக்கும்போது மணிக்கு 5 செ.மீ. வீதம் மழை விடாமல் பெய்கிறது. நிலம் செம்மண் கொல்லையாக இருந்து, மழையில் பத்தில் மூன்று பங்கு ஓடிவந்தால் விநாடிக்குச் சுமார் 1,470 கன அடி; கோடியின் மேல் 2 அடி உயரத்துக்குப் புரண்டு போய்விடும். அதே நிலத்தில் கூரையும் தளமும் பரவி, பத்தில் ஏழு பங்கு ஓடிவந்தால் சுமார் 3,430 கன அடி. இப்போது கோடியின் மேல் மூன்றரை அடிக்கும் கூடுதலாகத் தண்ணீர் நிற்கும். கரையோ 3 அடிதான். மழை கூடவில்லை, கரை தாழவில்லை, கோடியை யாரும் தொடவும் இல்லை. இருந்தும் தண்ணீர் கரையைத் தாண்டிவிட்டது.

நடப்பில் கோடியை யாரும் தொடாமலும் இருப்பதில்லை. கொஞ்சம் கூடுதலாகத் தேக்கலாம் என்று கலங்கல் கற்களுக்கிடையே மண்ணும் பலகையும் வைத்து அடைக்கிறார்கள். கோடியிலிருந்து இறங்கும் ஓடை மனைப்பிரிவுக்குள் சிக்கிச் சாக்கடை அகலத்துக்குச் சுருங்கிவிடுகிறது.

மேலே ‘ஏரி ஏற்கெனவே நிரம்பியிருக்கும்போது’ என்றேன். அதுதான் இந்தக் கணக்கின் உயிர்நாடி. வெள்ளத்தைத் தணிப்பது ஏரியில் இருக்கும் தண்ணீர் இல்லை, அதில் மிச்சமிருக்கும் காலி இடம். அமெரிக்காவின் ஓஹையோவில் 1913 வெள்ளம் டேட்டன் நகரை மூழ்கடித்த பிறகு, ஆர்தர் மார்கன் என்ற பொறியாளர் தலைமையில் ஐந்து மண் அணைகள் கட்டி 1922இல் முடித்தார்கள். அவற்றில் மதகுக் கதவே கிடையாது. அடியில் எப்போதும் திறந்திருக்கும் ஒரு வழி. ஆறு சாதாரணமாக அதன் வழியே போய்க்கொண்டிருக்கும். பெருமழையில் மட்டும் அந்த வழி கொள்ளாத தண்ணீர் கரைக்குப் பின்னால் தேங்கி, சில நாட்களில் வடிந்துவிடும். மற்ற நாட்களில் அணைக்குள் பயிர் செய்கிறார்கள். நூறு ஆண்டு தாண்டியும் அவை அந்தப் பள்ளத்தாக்கைக் காத்து நிற்கின்றன.

நம் ஏரிகள் பாசனத்துக்குக் கட்டியவை, அதனால் நாம் அவற்றைக் காலியாக வைத்திருக்க முடியாது. ஆனால் கோடையில் பயிருக்குப் பாய்ந்து ஏரி வற்றும். வடகிழக்குப் பருவமழை வரும்போது இடம் தானாகவே இருக்கும். தொழிற்பேட்டைப் பகுதி ஏரிகளில் இந்தச் சுழற்சி அறுந்துவிட்டது. ஆயக்கட்டில் மனை எழும்பியதால் மதகு திறப்பதில்லை. கழிவுநீர் ஆண்டு முழுவதும் வந்து சேர்கிறது. மே மாதத்திலும் ததும்பும் ஏரியைப் பார்த்து மகிழ்பவர்கள் உண்டு. நவம்பரில் அந்த ஏரிக்கு வெள்ளம் வாங்கத் தெம்பு இருக்காது.

ஒரு கரை உடைந்தால் சேதம் அந்த ஊரோடு முடியாது என்பதைப் பக்கத்துப் பாலாறு காட்டியிருக்கிறது. 1903 நவம்பரில் அன்றைய மைசூர் சமஸ்தானத்தில் கோலார்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து, திரண்டுவந்த வெள்ளத்தில் வாணியம்பாடியில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களுக்கான நினைவுத் தூண் அந்த ஊரில் இருக்கிறது. தென்பெண்ணையும் கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, வழியெல்லாம் ஏரிகளின் உபரியை வாங்கிக்கொண்டுதான் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது.

2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரையிலானவற்றில் சில நிபந்தனைக்கு உட்பட்டவற்றுக்கும்தான் பொருந்தும். நாலைந்து மீட்டர் உயரமுள்ள ஊர் ஏரிக்கரை அதில் வராது. ஆகவே ஏரிக்கரைகளின் கணக்கை உள்ளாட்சியும் நீர்வளத் துறையும்தான் மாவட்ட அளவில் புதிதாகப் போட்டாக வேண்டும்: ஒவ்வோர் ஏரிக்கும் இன்றைய நீர்ப்பிடிப்பில் கூரை எவ்வளவு, கோடியின் நீளம் எவ்வளவு, கோடிக்கு மேல் கரை எவ்வளவு. செயற்கைக்கோள் படமும் ஒரு மட்டக்கருவியும் போதும். மேலே சொன்ன ஏரியில் தண்ணீரைப் பழையபடி 2 அடி உயரத்தில் அனுப்பக் கோடி 50 மீட்டரிலிருந்து கிட்டத்தட்ட 117 மீட்டராக வேண்டும். அவ்வளவு இடம் கிடைக்காத ஊரில் கலங்கல் சுவரை நேராகக் கட்டாமல் மடித்து மடித்துக் கட்டலாம். அதே அகலத்துக்குள் இரண்டு மடங்குக்கும் மேல் நீளம் அடங்கிவிடும். அப்படிப்பட்ட கலங்கல்கள் பல நாடுகளில் பல்லாண்டுகளாக வேலை செய்கின்றன.