இணையவழிப் படிப்பு உருவாக்குவோர் திறனை வளர்ப்பது எப்படி? பெங்களூரு காட்டும் பாதை

பெங்களூரு: இணையவழிப் படிப்பு ஒன்றைப் பதிவு செய்வது இன்று எளிதாகிவிட்டது. ஒரு கைப்பேசி, ஒரு மைக், அமைதியான அறை ஆகியவை போதும். ஆனால், படிப்பில் சேர்ந்தவரை இறுதிவரை அழைத்துச் செல்வது எளிதல்ல. அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனம் 2012-ஆம் ஆண்டு இணையத்தில் இலவசமாக நடத்திய மின்சுற்றுகள் குறித்த படிப்பில் சுமார் 1,55,000 பேர் பதிவு செய்தனர். தேர்ச்சி பெற்றவர்களோ சுமார் 7,000 பேர் மட்டுமே. பதிவு செய்த அனைவரும் முழுமையாகப் படிக்கும் எண்ணத்துடன் வந்தவர்கள் அல்லர். ஆயினும், இந்த இடைவெளியைக் குறைப்பதே படிப்பை வடிவமைப்பவரின் முதன்மைப் பணியாகும்.

பெங்களூருவின் பங்கு

இந்தியாவில் இத்துறையின் வளர்ச்சியில் பெங்களூருவுக்கு முக்கிய இடம் உண்டு. ஐஐடிகளுடன் இணைந்து 2003-இல் என்பிடெல் திட்டத்தைத் தொடங்கிய நிறுவனங்களுள் இங்குள்ள இந்திய அறிவியல் கழகமும் ஒன்று. பெங்களூரு ஐஐஎம் 2014-இல் எட்எக்ஸ் தளத்தில் இணைந்தது. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் மேலாண்மைப் படிப்புகளுக்கான தேசிய ஒருங்கிணைப்பாளராகவும் அது செயல்படுகிறது. பள்ளிக் கல்விக்காக 2017-இல் தொடங்கப்பட்ட தீக்ஷா தளம், பெங்களூருவைச் சேர்ந்த எக்ஸ்டெப் அறக்கட்டளை உருவாக்கிய சன்பேர்ட் மென்பொருளின் மீது அமைந்ததாகும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒரு பருவத்தில் நடத்தப்படும் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் பயில அனுமதிக்கலாம். எனவே, சரியாக வடிவமைக்கப்படாத ஒரு படிப்பு மாணவரின் மதிப்பெண் பட்டியலையே பாதிக்கக்கூடும்.

முடிவிலிருந்து தொடங்குதல்

புதிதாக இத்துறைக்கு வருவோர் பலர் காணொலியில் இருந்தே பணியைத் தொடங்குகின்றனர். அனுபவமுள்ளவர்கள், படிப்பை முடித்தவர் எதைச் செய்து காட்ட வேண்டும் என்பதை முதலில் எழுதுகின்றனர். "ஜிஎஸ்டி குறித்து அறிந்துகொள்வார்" என்பது அளவிட முடியாத இலக்கு. "ஒரு சிறுகடையின் ஒரு மாத விற்பனைக்குரிய ஜிஎஸ்டியைக் கணக்கிடுவார்" என்பது அளவிடக்கூடியது. 1956-இல் வெளியாகி 2001-இல் திருத்தப்பட்ட புளூம் வகைப்பாடு, இத்தகைய இலக்குகளை நினைவுகூர்தல் முதல் புதிதாக உருவாக்குதல் வரை படிநிலைப்படுத்த உதவுகிறது. இலக்கு, அதைச் சோதிக்கும் வினா, அதற்கான பயிற்சி, அதன் பிறகே காணொலி என்ற வரிசையைப் பின்பற்றினால் தேவையற்ற பகுதிகள் தாமாகவே விலகிவிடும்.

ஒரு காணொலிக்கு ஒரு கருத்து

எட்எக்ஸ் தளத்தின் நான்கு படிப்புகளில் காணொலிகள் பார்க்கப்பட்ட சுமார் 69 லட்சம் நிகழ்வுகளை ஆராய்ந்த ஆய்வு 2014-இல் வெளியானது. காணொலி எவ்வளவு நீளமாக இருந்தாலும், அதைப் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடங்களைத் தாண்டவில்லை என்று அது கண்டறிந்தது. வகுப்பறை விரிவுரையைப் பதிவு செய்து துண்டுகளாக வெட்டி வெளியிடுவது போதிய பலன் தருவதில்லை என்பதும், குறுகிய பகுதிகளாகவே திட்டமிட்டுப் பதிவு செய்வது நல்லது என்பதும் அதன் முடிவுகள்.

திரையில் உள்ள வரிகளை அப்படியே வாசிப்பதும், பாடத்துடன் தொடர்பில்லாத படங்களையும் பின்னணி இசையையும் சேர்ப்பதும் கற்றலுக்கு இடையூறாகும் என்பது அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் உணர்த்தும் பாடம்.

வினாவும் ஒரு பாடமே

தேர்வு என்பது மதிப்பெண் வழங்குவதற்கு மட்டுமன்று. ரோடிகர், கார்பிக் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரத்துக்குப் பிறகு அதிகம் நினைவில் வைத்திருந்தனர். ஸ்வயம் படிப்புகளில் காணொலி, வாசிப்புப் பொருள், விவாதக் களம் ஆகியவற்றுடன் சுயமதிப்பீடும் கட்டாயக் கூறாக இருப்பதன் பயனை இது விளக்குகிறது.

நல்ல வினாவை அமைப்பது தனித் திறன். ஒவ்வொரு தவறான விடையும், மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு பிழையைக் குறிக்க வேண்டும். அதைத் தேர்ந்தெடுப்பவருக்கு, அது ஏன் தவறு என்ற விளக்கம் உடனே கிடைக்க வேண்டும்.

வெளியிட்ட பிறகும் பணி உண்டு

எந்த நிமிடத்தில் பலர் காணொலியை நிறுத்துகின்றனர், எந்த வினாவில் பெரும்பாலோர் தவறுகின்றனர், விவாதக் களத்தில் எந்தச் சந்தேகம் மீண்டும் மீண்டும் எழுகிறது ஆகிய மூன்றையும் வாரந்தோறும் கவனிப்பது அவசியம். பலரும் ஒரே வினாவில் தவறினால், மாணவர்களைக் குறை கூறுவதற்கு முன் வினாவையும் அதற்குரிய பாடத்தையும் சரிபார்க்க வேண்டும்.

கற்போரில் பலர் கைப்பேசியிலேயே பாடம் பார்க்கின்றனர் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். சிறிய திரையிலும் தெளியும் எழுத்து, பதிவிறக்கக்கூடிய குறிப்புகள், தாய்மொழியில் வசன வரிகள் ஆகியவை இவர்களுக்குப் பெரிதும் உதவும். காது கேளாதோருக்கு வசன வரிகளே பாடத்தின் குரல்.

எங்கிருந்து தொடங்கலாம்?

12 வாரப் படிப்பை முழுவதுமாகப் பதிவு செய்துவிட்டுக் குறைகளைத் தேடுவது பொருட்செலவும் காலவிரயமும் ஆகும். அதற்கு மாறாக, முதலில் ஒரு வாரப் பாடத்தை மட்டும் உருவாக்கி, அப்பொருளை அறியாத ஐந்து பேரிடம் கொடுக்கலாம். அவர்கள் பயிலும்போது குறுக்கிட்டு விளக்காமல், எங்கே தயங்குகின்றனர், எதைத் தாண்டிச் செல்கின்றனர் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறிப்புகளின்படி பாடத்தைத் திருத்தி, வேறு ஐந்து பேரிடம் மீண்டும் சோதிக்கலாம். இவ்வாறு திருத்தப்பட்ட ஒரு வாரப் பாடம், வேலை தேடுவோருக்கு ஒரு நல்ல மாதிரியாகவும் அமையும். முதல் வடிவத்தையும் திருத்திய வடிவத்தையும் அருகருகே காட்டினால், வடிவமைப்பாளர் கற்போரிடமிருந்து என்ன கற்றார் என்பது நேர்காணல் நடத்துவோருக்கு எளிதில் புலப்படும்.